ஒரே கல்லா, இரண்டு அணிகள்

பகலில் தணிக்கையாளர் ஒருவரின் அலுவலகத்தில் பனியன் கம்பெனிகளின் கணக்குகளைப் பார்ப்பதும், மாலையில் ஒரு கால்பந்துச் சங்கத்தின் வரவு செலவை எழுதுவதுமாக ஆறு ஆண்டுகள் இருந்தேன். நொய்யல் கரையோரம் உள்ள அந்த ஊரின் பெயரையும் சங்கத்தின் பெயரையும் இங்கே சொல்லப் போவதில்லை. சங்கத்தில் என் வேலை சிறியதுதான்: வவுச்சர் எழுதுவது, ஆட்டக்காரர்களுக்கு மாதப் படி கொடுப்பது, வேன் வாடகைக்கும் நடுவர் கட்டணத்துக்கும் ரசீது வாங்கி வைப்பது, ஆண்டு முடிவில் பதிவாளர் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டிய கணக்கைத் தயாரிப்பது.

அங்கே எழுதிய வவுச்சர்களில் ஒன்று இன்னும் கண்ணில் நிற்கிறது. 46 செட் ஜெர்சி, செட் 340 ரூபாய் வீதம், 15,640 ரூபாய். வலது ஓரத்தில் ‘ஒப்புதல்’ என்ற இடத்தில் பச்சை மையில் ஒரு கையெழுத்து. இடது ஓரத்தில் ‘பெற்றுக்கொண்டவர்’ என்ற இடத்தில் அதே பச்சை மையில் அதே கையெழுத்து. சங்கத்தின் தலைவரும், ஜெர்சி அடித்துக் கொடுத்த பிரிண்டிங் யூனிட்டின் முதலாளியும் ஒருவரே.

“ரெண்டு கொட்டேஷன் வாங்கிக் கோப்புல வெச்சுக்கலாமுங்களாண்ணா?” என்று கேட்டேன். “வெளியில இந்த ரேட்டுக்கு யாரு குடுப்பாங்க கண்ணு? இந்தப் பாக்கெட்டுல இருந்து அந்தப் பாக்கெட்டுக்குப் போகுது, அவ்வளவுதான்” என்றார். முதல் பாக்கெட் சங்கத்துடையது, இரண்டாவதுதான் தம்முடையது என்பது அவர் நினைவில் அப்போது இல்லை. அவர் சொன்ன விலை நியாயமானதாகவே இருந்தது. தெரிந்த இரண்டு யூனிட்டுகளில் நானே விசாரித்துப் பார்த்தேன். ஆனால் அந்த நியாயம் என் மனதில் மட்டும் இருந்ததே தவிர, கோப்பில் அதற்கு ஒரு தாள்கூடச் சாட்சியாக இல்லை.

அவரைப் பற்றி ஒன்றைச் சொல்லாமல் மேலே போவது தர்மமாகாது. அவர் இல்லாவிட்டால் அந்தச் சங்கமே இருந்திருக்காது. ஆர்டர் இல்லாமல் அவருடைய நிட்டிங் மெஷின்கள் நின்ற மாதங்களிலும் பையன்களுக்குப் படி நிற்கவில்லை. ஆட்டத்தில் கால் முறிந்த ஒருவனுக்கு மருத்துவமனையில் கட்டிய பணத்தை அவர் எந்தக் கணக்கிலும் எழுதச் சொன்னதில்லை. கொங்கு நாட்டில் பல விளையாட்டுச் சங்கங்கள் இப்படி ஒரு மனிதரின் ஆசையையும் அவருடைய தொழிலின் லாபத்தையும் நம்பித்தான் நிற்கின்றன. ஒருவர் வகிக்கும் பொறுப்பும் அவருடைய சொந்த லாபமும் மோதுகிற நிலையைக் குறிக்கும் நலன் முரண் என்ற சொல் இத்தகைய மனிதரிடம் நன்றிகெட்ட சொல்லாகக் கேட்கிறது. அதனால்தான் அதை யாரும் வாயெடுத்துச் சொல்வதில்லை. நானும் வெகுகாலம் சொல்லவில்லை.

இத்தனைக்கும் என் பகல் வேலையே அதுதான். ஒவ்வொரு ஆண்டும் ஏப்ரல் பிறந்ததும், எங்கள் அலுவலகத்தின் கட்சிக்காரர்களான கம்பெனி இயக்குநர்களிடம் எம்பிபி-1 படிவத்தை நீட்டி, வேறு எந்தெந்த நிறுவனங்களில் அவர்களுக்குப் பங்கோ பதவியோ இருக்கிறது என்று எழுதி வாங்குவோம். 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் 184ஆவது பிரிவில், தமக்கு நலன் உள்ள ஒப்பந்தம் வாரியக் கூட்டத்தில் விவாதத்துக்கு வரும்போது இயக்குநர் அதை வெளிப்படுத்த வேண்டும், அந்த விவாதத்தில் கலந்துகொள்ளக் கூடாது என்கிறது. பொதுக் கம்பெனிகளுக்கு அது எவ்வளவு கறாரான விதி என்பது எனக்கு மனப்பாடம். எங்கள் சங்கமோ 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ்ப் பதிவானது. அதன் துணைவிதிகளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பகலில் படித்த பாடத்தை மாலையில் மறந்துவிட்டு உட்கார்ந்திருந்தேன் என்பதுதான் உண்மை.

ஜெர்சியோடு நின்றிருந்தால் இதை எழுத வேண்டியிருந்திருக்காது. அதே லீக்கில் ஆடிக்கொண்டிருந்த இன்னொரு அணி, ஆதரித்து வந்தவர் கைவிட்டதால் கலைகிற நிலைக்கு வந்தது. பதினெட்டுப் பையன்கள் தெருவில் நிற்பார்கள் என்ற இரக்கத்தில்தான் தலைவர் அதையும் எடுத்துக்கொண்டார். காகிதத்தில் அவருடைய மைத்துனரின் பெயர் இருந்தது. அன்று முதல் இரண்டு அணிகளின் படியும் ஒரே கல்லாவிலிருந்து போனது. இரண்டு கட்டு வவுச்சர்களையும் நான்தான் எழுதினேன். எங்கள் அணியில் இரண்டாவது கோல்கீப்பராக உட்கார்ந்தே இருந்த பையனை, ஆடும் வாய்ப்புக் கிடைக்கட்டும் என்று தலைவர் அந்த அணிக்கு அனுப்பினார். நல்ல எண்ணம்தான். அப்போது யாருக்கும் அதில் தவறு தெரியவில்லை.

லீக்கின் கடைசி வாரம் ஆடி மாதத்தில் வந்தது. மேல் பிரிவுக்குப் போக எங்கள் அணி வென்றே ஆக வேண்டும். எதிரே அந்த அணி. அவர்களுக்கு அந்த ஆட்டத்தில் இழக்கவும் ஒன்றுமில்லை, பெறவும் ஒன்றுமில்லை. நாங்கள் வெல்லாவிட்டால் மேலே போகவேண்டிய மூன்றாவது ஊர் அணியின் ஆட்கள் இருபது பேர் வேனில் வந்து எல்லைக்கோட்டோரம் நின்றிருந்தார்கள்.

பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற ஆடிக் காற்று எங்கள் மைதானத்தில் மேற்கிலிருந்து கிழக்கே நேராக அடிக்கும். எங்களிடமிருந்து போன அந்தக் கோல்கீப்பர் பையன் இரண்டாம் பாதியில் கிழக்குக் கம்பத்தில் நின்றான். அதற்குள் இரண்டு நிச்சயமான கோல்களைத் தடுத்திருந்தான். ஒன்றை விரல் நுனியில் தட்டி வெளியே அனுப்பியதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். எழுபது நிமிடம் கடந்தபின் எங்கள் நடுக்களத்துக்காரன் பாதி மைதானத்திலிருந்து ஒரு பந்தை உயரத் தூக்கி அடித்தான். பையன் நான்கு எட்டு முன்னால் வந்து, கையை விரித்து, பந்து விழ வேண்டிய இடத்தில் சரியாக நின்றான். பந்து அங்கே விழவில்லை. மேலே போன பந்தைக் காற்று ஏந்திக்கொண்டு போய் அவன் தலைக்குப் பின்னால், கோட்டுக்கு ஒரு முழத்துக்கு முன் இறக்கியது. அது ஒருமுறை துள்ளி உள்ளே போயிற்று. திரும்பி ஓடியவன் கால் சறுக்கிச் செம்மண்ணில் விழுந்தான். ஆட்டம் 1-0.

“ஆடிக் காத்துல அம்மியே பறக்குது, மொதலாளி சொன்னா பந்து பறக்காதா?” என்று வேனருகே ஒருவர் உரக்கச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த வாரம் டீக்கடையில், பேக்கரியில், பையன் வேலை பார்த்த, பனியன் துணியை அழுத்திப் பதப்படுத்தும் காம்பாக்டிங் யூனிட்டில் என எங்கும் இதே பேச்சு. அந்த மாதப் படி வாங்க வந்தபோது அவன் கவரைக் கையில் வைத்துக்கொண்டு போகாமல் நின்றான்.

“ஏனுங்ணா, நீங்களும் அப்படித்தான் நெனைக்கறீங்ளா?”

“இல்லப்பா. நான் பார்த்தேன், அது காத்து.”

“அப்ப அதை எங்கியாச்சும் எழுதிக் குடுங்ணா.”

எதில் எழுதிக் கொடுப்பது? அவன் கையிலிருந்த கவரை நிரப்பியவன் நான். அதே கல்லாவிலிருந்து, அதே நாளில், வென்ற அணிக்கும் கவர் போட்டவன் நான். என் சாட்சிக்கு என்ன மதிப்பு? நலன் முரண் என்பதைத் திருட்டுக்கு முந்திய கட்டம் என்றே அதுவரை நினைத்திருந்தேன். திருடாதவருக்கு அதனால் கேடில்லை என்றும் நம்பியிருந்தேன். அந்தப் பையன் திருடவில்லை, தலைவர் திருடச் சொல்லவில்லை. ஆனாலும் நேர்மையாக ஆடியதை மெய்ப்பிக்கும் வழியை அவனிடமிருந்து நாங்கள் பறித்துவிட்டோம்.

அதன் பிறகுதான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். எனிக் என்ற ஆங்கிலேய முதலீட்டு நிறுவனத்திடம் கிரீஸின் ஏஇகே ஏதென்ஸ், செக் நாட்டின் ஸ்லாவியா பிராகா, இத்தாலியின் விசென்சா ஆகிய மூன்று சங்கங்கள் இருந்தன. 1997-98 பருவத்தில் மூன்றும் ஒரே ஐரோப்பியக் கோப்பையின் காலிறுதிக்கு வந்தன. ஒருவரே கட்டுப்படுத்தும் இரு சங்கங்கள் ஒரே போட்டியில் ஆடக்கூடாது என்று ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பு 1998இல் விதி செய்தது. எனிக் அதை எதிர்த்து சர்வதேச விளையாட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போய், 1999 ஆகஸ்டில் தோற்றது. யாரும் ஆட்டத்தை விற்றதாக அங்கே குற்றச்சாட்டே இல்லை. முடிவு உண்மையானது என்று பார்ப்பவர் நம்பும் நிலை இருக்க வேண்டும் என்பதே விதியைக் காப்பாற்றிய காரணம். அதைப் படித்தபோது செம்மண்ணில் விழுந்த பையன்தான் நினைவுக்கு வந்தான்.

நம் நாட்டிலும் இது புதிதல்ல. கொல்கத்தாவில் பரம்பரைப் போட்டியாளர்களான மோகன் பகானிலும் ஈஸ்ட் பெங்காலிலும் 1998இல் ஒரே மதுபானக் குழுமம் பாதிப் பங்கு வாங்கியது. ஒன்றின் சட்டையில் மெக்டவல்ஸ், மற்றதன் சட்டையில் கிங்ஃபிஷர்; இரண்டும் ஒரே வீட்டுச் சரக்கு. கிரிக்கெட் வாரிய நிர்வாகிகளே ஐபிஎல் அணிகளை வைத்துக்கொள்ள இடம் கொடுத்த 6.2.4 விதித்திருத்தத்தை உச்ச நீதிமன்றம் 2015 ஜனவரியில் ரத்து செய்ததை நம்மில் பலரும் மறந்திருக்க மாட்டோம்.

ரெட் புல் என்ற பான நிறுவனத்தின் ஜெர்மனி அணியான லைப்சிக், ஆஸ்திரியா அணியான சால்ஸ்பர்க் ஆகியவற்றின் கதை என்னை இன்னும் யோசிக்க வைத்தது. நிர்வாகத்தைப் பிரித்துவிட்டதாகச் சொல்லி அனுமதி பெற்ற இந்த இரண்டும் 2018இல் ஐரோப்பா லீக்கில் ஒரே பிரிவில் விழுந்தன. இரண்டு நேரடி ஆட்டங்களிலும் சால்ஸ்பர்க்தான் வென்றது. கடைசி நாளில் சால்ஸ்பர்க், ஸ்காட்லாந்தின் செல்டிக்கை அதன் ஊரான கிளாஸ்கோவில் தோற்கடித்தது. அதே நேரத்தில் லைப்சிக் நார்வேயின் ரோசன்போர்க்கை வென்றிருந்தால் செல்டிக் வெளியேறி லைப்சிக் அடுத்த சுற்றுக்குப் போயிருக்கும். லைப்சிக் டிரா செய்ததால், கூட்டாளி அணிக்காக ஆடினார்களா என்ற பேச்சு எழவில்லை. கிளாஸ்கோவில் உயிரைக் கொடுத்து ஆடி வென்ற சால்ஸ்பர்க் பையன்களின் பெயரைக் காத்தது விதியல்ல, வேறொரு ஊரில் ரோசன்போர்க் அடித்துச் சமன் செய்த ஒரு கோல்.

இங்கிலாந்தின் கிரிஸ்டல் பேலஸ் சங்கம் 2025 மே மாதம் அந்நாட்டின் எஃப்ஏ கோப்பையை வென்றது. அச்சங்கத்தின் முதல் பெரிய கோப்பை அது. அதில் பங்கு வைத்திருந்தவரிடம் பிரான்சின் லியோன் சங்கமும் இருந்ததால், குறித்த கெடுவுக்குள் அதைச் சரிசெய்யவில்லை என்று ஐரோப்பா லீக்கிலிருந்து கான்ஃபரன்ஸ் லீக்குக்கு இறக்கப்பட்டது. தீர்ப்பாயத்தில் மேல்முறையீடும் ஆகஸ்டில் தள்ளுபடியானது. அங்கே விதி இருந்தும் உழைத்தவர்கள்தான் இழந்தார்கள். முதலாளி கெடுவைத் தவறவிட்டதற்கு ஆட்டக்காரர்கள் ஏன் தண்டனை பெற வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. ஆனாலும் விதியே இல்லாத எங்கள் லீக்கின் கணக்குப்பிள்ளையாக இருந்து பார்த்தவன் என்ற முறையில், அந்த விதியின் பக்கமே நான் நிற்பேன்.

நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கி, முதல் பக்கத்தில் நான்கு கட்டம் போட்டேன்: பெயர், வேறு எந்த அணி அல்லது நிறுவனத்தில் தொடர்பு, சங்கத்தோடு கொடுக்கல் வாங்கல், எந்தத் தீர்மானத்தில் வெளியே இருந்தார். தலைவரிடம் கொண்டுபோனபோது, “எம்மேல நம்பிக்கை இல்லீங்களா கண்ணு?” என்றார். குரலில் கோபம் இல்லை, வலி இருந்தது. “உங்க மேல இருக்குதுங்ணா. உங்களை நம்பாதவங்ககிட்டக் காட்டத்தான் இது. அந்தப் பையன்கிட்ட இப்படி ஒண்ணு இல்லாமப் போச்சுங்க” என்றேன். நோட்டை வாங்கி மேசை டிராயரில் வைத்தவர் மூன்று வாரம் அதைப் பற்றிப் பேசவில்லை. பிறகு ஒரு ஞாயிறு மாலை என்னிடம் அதைத் திருப்பிக் கொடுத்தார். பச்சை மையில், தம் பெயரில் பிரிண்டிங் யூனிட்டையும், மைத்துனர் பெயரில் இருந்த அணியையும், மைதானத்துக்குக் குத்தகைப் பணம் வாங்கும் தம் அண்ணன் பெயரையும் அவரே எழுதியிருந்தார். மூன்றாவது எனக்கே தெரியாத செய்தி.

அடுத்த ஜெர்சி ஆர்டருக்கு மூன்று கொட்டேஷன் வந்தன. அவர் கூட்டத்திலிருந்து எழுந்து போய் வெளியே வேப்பமரத்தடியில் நின்றார். ஆர்டர் அவருக்கே போனது, விலை 325 ரூபாய். இன்னொரு அணியை விட மட்டும் அவருக்கு ஓராண்டு ஆயிற்று. பழைய ஆட்டக்காரர்கள் சிலர் சேர்ந்து அதை ஏற்றுக்கொண்டார்கள். லீக்கில் இன்றுவரை இதற்கென விதி கிடையாது.

அந்தப் பையன் பிறகு எந்த அணிக்கும் ஆடவில்லை. காம்பாக்டிங் யூனிட்டில் இப்போது அவன்தான் ஷிப்ட் பொறுப்பாளர். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் இருந்தால் வருவான். கிழக்குக் கம்பத்துக்குப் பின்னால் நிற்க மாட்டான், மேற்கே போய்ச் சைக்கிள் ஸ்டாண்டு ஓரம் நின்று பார்ப்பான். சென்ற ஆடியில் உயரப் போன பந்து ஒன்றைப் பார்த்து அவன் தன்னையறியாமல் நான்கு எட்டு பின்னால் நகர்ந்ததை நான் கவனித்தேன்.