எலக்ட்ரான் பீம் சோதனை: அரை லிட்டர் தண்ணீர் தின்ற ஒரு நாள்

எங்கள் லீனாக், அதாவது புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும் இயந்திரம். அதன் வருடாந்தரச் சோதனையில் ஃபோட்டான் (எக்ஸ் கதிர்) பக்கம் எல்லாம் ஒரே நாளில் முடிந்தது. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. எலக்ட்ரான்தான் ஆளை அடித்துப் போட்டது.

வாட்டர் பேந்தத்தில், அதாவது நோயாளியின் உடலுக்குப் பதிலாக வைக்கும் தொட்டியில், தண்ணீர் நிரப்பி, கதிர்வீச்சை அளக்கும் பேரலல் பிளேட் சேம்பரை நீர்ப்பரப்பில் நிறுத்தி, ஆழத்துக்குப் பூஜ்யம் வைத்தாயிற்று. சேம்பரின் அளவுத்திருத்தச் சான்றிதழைத் தேடியது அதற்கு அப்புறம்தான். கோப்பில் இருந்தது பழைய சேம்பருடையது, வரிசை எண்ணே வேறு. எலக்ட்ரானின் ஆற்றல் 10 எம்இவிக்குக் கீழே போனால் உருளை சேம்பரை வைத்து ஒப்பேற்றவும் முடியாது. இன்னொரு மருத்துவமனையில் கெஞ்சி ஒரு சேம்பரை இரவல் வாங்கி வந்தால், அதன் கனெக்டர் டிஎன்சி, சேம்பரின் மின்னூட்டத்தைப் படிக்கும் எங்கள் எலக்ட்ரோமீட்டர் பிஎன்சி டிரையாக்ஸ். அடாப்டர் இல்லை. இரண்டு மணி நேரம் போச்சு. கடைசியில் எங்கள் சான்றிதழ் சேம்பர் பெட்டிக்குள்ளேயே, பஞ்சுக்கு அடியில் மடித்துக் கிடந்தது. இரவல் வாங்கப் போகிறவர்கள் முதலில் கனெக்டரின் படத்தை அனுப்பச் சொல்லுங்கள்.

சரி, அளக்க ஆரம்பித்தோம். 15, 12 எம்இவி இரண்டிலும் அவுட்புட், அதாவது வரவேண்டிய டோஸ், ஒரு சதவீதத்துக்குள். 9-இல் ஒன்றரை குறைவு. 6 எம்இவியில் நான்கு சதவீதம் குறைவு! இரண்டைத் தாண்டினாலே தூக்கம் போய்விடும்.

முதலில் காற்றழுத்தத்தைச் சந்தேகப்பட்டேன். சேம்பருக்குள் இருப்பது காற்று, அழுத்தத்துக்குத் திருத்தம் போட்டாக வேண்டும். கைப்பேசிச் செயலிகள் பெரும்பாலும் கடல் மட்டத்துக்குத் திருத்திய அழுத்தத்தைத்தான் காட்டும். 300 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊரில் அதை அப்படியே போட்டால் மூன்றரை சதவீதம் பிசகும். இங்கே சுவரில் இருந்த மானியிலிருந்துதான் எடுத்திருந்தோம். அதோடு, அழுத்தம் தப்பு என்றால் எல்லா ஆற்றலும் ஒரே அளவு விலக வேண்டும். சேம்பருக்குப் போடும் மற்றத் திருத்தங்களான போலாரிட்டி, மறுசேர்க்கை எல்லாம் வழக்கம்போலத்தான் வந்தன.

அடுத்து, ஆழம் கூடக் கூட டோஸ் எப்படி மாறுகிறது என்று காட்டும் ஆழ வளைவை எடுத்தேன். டோஸ் பாதியாகக் குறையும் ஆழம்தான் ஆர்50. 6 எம்இவிக்கு அது கோப்பில் 2.3 செ.மீ. இப்போது 2.0. அனுமதி ஒரு மில்லிமீட்டர்தான். பீமின் ஆற்றலே விழுந்துவிட்டது என்று முடிவுகட்டி, சர்வீஸுக்குப் போன் போட்டேன். காலையில் தினசரிச் சோதனைக் கருவி எல்லா ஆற்றலுக்கும் பச்சை காட்டியிருந்தது. அதை நினைத்தே பார்க்கவில்லை.

மற்ற மூன்று வளைவுகளையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் உறைத்தது. நான்கிலுமே ஆர்50 சரியாக 3 மி.மீ. குறைவு. லீனாக்கில் ஒவ்வொரு எலக்ட்ரான் ஆற்றலுக்கும் தனித்தனி அமைப்பு. நான்கும் பேசிவைத்துக்கொண்டு ஒரே அளவு கெட்டுப்போகுமா? கெட்டது பீம் இல்லை, ஆழம்.

சேம்பரைப் பூஜ்யத்துக்கு ஏற்றிவிட்டு, குனிந்து தொட்டியின் பக்கவாட்டிலிருந்து, நீர்மட்டத்துக்குக் கீழே கண்ணை வைத்துப் பார்த்தேன். சேம்பரின் முகமும் நீர்ப்பரப்பில் தெரியும் அதன் பிம்பமும் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். நடுவில் நன்றாகத் தெரியும் இடைவெளி. நீர்ப்பரப்பு மேலே இருந்தது.

"யாராவது தண்ணீர் ஊற்றினீர்களா?"

"ஆமாம் மேடம், நீங்க வெளியே போயிருந்தப்போ. கோட்டுக்குக் கீழே இருந்துச்சு, அதான் கொஞ்சம் ஊத்திவிட்டேன்."

தொட்டிச் சுவரில் யாரோ எப்போதோ போட்ட மார்க்கர் கோடு. 40-க்கு 40 தொட்டியில் 3 மி.மீ. என்றால் அரை லிட்டர் கூட இல்லை. உதவிக்கு நின்றவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. இரண்டு மணி நேரம் கழித்து வந்தவள் பூஜ்யத்தை மறுபடி பார்க்காமல் அளந்ததுதான் தப்பு. 6 எம்இவிக்கு ரெஃபரன்ஸ் ஆழமே, அதாவது அவுட்புட்டை அளக்கும் ஆழமே, 1.28 செ.மீ.தான். அதைத் தாண்டினால் வளைவு சட்டென்று சரிகிறது, 3 மி.மீ. கூடினாலே அடி விழும். 12, 15-க்கு அந்த இடம் தட்டையாக இருப்பதால் அவை காட்டிக்கொடுக்கவில்லை.

நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்கும் விஷயம் ஒன்று உண்டு. வளைவு எடுக்காமல், அவுட்புட்டை மட்டும் நம்பி 6 எம்இவியை நான்கு சதவீதம் ஏற்றியிருந்தால், மறுநாளிலிருந்து வரும் ஒவ்வொருவருக்கும் அவ்வளவு கூடுதல் டோஸ் போயிருக்கும்.

மறுபடி பூஜ்யம் வைத்து அளந்தேன். 6 எம்இவி 0.6 சதவீதம் குறைவு. இயந்திரத்தில் ஒன்றையும் தொடவில்லை. மார்க்கர் கோட்டை ஸ்பிரிட் போட்டு அழித்தேன். சர்வீஸ் அழைப்பை ரத்து செய்யும் படிவத்தில் 'காரணம்' என்ற கட்டத்தில் என்ன எழுதுவதென்று கொஞ்ச நேரம் யோசித்தேன். அப்புறம் 'தண்ணீர்' என்றே எழுதி அனுப்பினேன்.