யீ வட்டம் (சீனாவின் ஹெபெய் மாகாணம்), பனிக்குப் பின்

பிப்ரவரி 25, 2024

விளக்குத் திருவிழா நேற்றோடு முடிந்தது. விடிவதற்குள் நைநையின் (சீனத்தில் பாட்டி) மகனும் மருமகளும் தியான்ஜின் நகருக்குக் கிளம்பிவிட்டார்கள். நைநை அடுப்பை மூட்டிவிட்டு, பனியின் பாரத்தில் சரிந்த பசுமைக்குடிலின் மூங்கில் வளைவுகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். பதினொன்று முறிந்திருக்கின்றன.

பிப்ரவரி 27

பசுமைக்குடிலைச் சீராக்க நைநை பெயரில் கைப்பேசி வழியே கடனுக்கு விண்ணப்பித்தாயிற்று, 20,000 யுவான். கைப்பேசி நைநையின் முகத்தை மூன்று முறை ஏற்க மறுத்தது. பேரன் அவரை ஜன்னலோரம் நிறுத்திக் கண்ணைச் சிமிட்டச் சொன்ன பிறகே ஏற்றது.

பிப்ரவரி 28

பதில் இல்லை.

மார்ச் 1

இரவு, போர்வைப் பெட்டியின் அடியிலிருந்து பழைய தவணைப் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். வாரந்தோறும் கட்டிய சிறு தொகைகள், ஒவ்வொன்றின் அருகிலும் மங்கிய சிவப்பு முத்திரை. ஒரே ஒரு வாரம் மட்டும் வெறுமையாக இருந்தது, பன்றி செத்த வாரம் என்றார். 1986 முதல் அரசு கொடுத்த வட்டிச் சலுகைக் கடனில் பெரும்பகுதி ஏழைகளின் வாசலுக்கு வராமல் வேறு கைகளுக்குப் போய்க்கொண்டிருந்த நிலையில், சீனச் சமூக அறிவியல் கழகத்தின் ஆய்வாளர் தூ சியாவ்ஷான், அடகில்லாமல் ஏழைகளுக்குச் சிறு கடன் கொடுக்கும் வங்கதேசத்துக் கிராமின் வங்கியின் முறையைத் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இந்த யீ வட்டத்துக்குக் கொண்டுவந்தார். ஊர் நிலம் கூட்டுடைமை, அதை அடகு வைக்க அன்று வழியில்லை. ஆகவே நைநை உட்பட ஐந்து பெண்கள் ஒருவருக்கொருவர் பொறுப்பேற்றார்கள், ஒருத்தி தவறினால் மற்ற நால்வரும் பதில் சொல்ல வேண்டும். அந்த நால்வரில் இருவர் இறந்துவிட்டார்கள், ஒருவர் பாவ்திங் நகரில் மகளோடு இருக்கிறார், ஒருவர் மட்டும் கிணற்றடித் தெருவில் இருக்கிறார். நிலத்துக்குப் பதிலாக அண்டை வீட்டாரையே பிணையாக வைத்த முறை, அண்டை வீடுகளே பூட்டிக் கிடக்கும் ஊரில் எதைப் பிணையாகக் கேட்கும்? வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

மார்ச் 3

மீண்டும் அதே நினைப்பு. பின்னாளில், வறுமை ஒழிப்புத் திட்டத்தில், பதிவு பெற்ற ஏழைக் குடும்பங்களுக்குப் பிணையும் அடகும் இல்லாமல், அரசே வட்டியை ஈடுகட்டி, மூன்றாண்டுக்கு 50,000 யுவான் வரை கொடுத்தார்கள். மகனின் கூலியைக் கணக்கில் சேர்த்ததால் நைநையின் பெயர் அந்தப் பட்டியலில் ஏறவில்லை. கடும் வறுமையிலிருந்து 9 கோடியே 89 லட்சத்து 90 ஆயிரம் கிராமத்து மக்கள் மீண்டதாக 2021 பிப்ரவரியில் அறிவித்தார்கள். அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். இந்த வாசல்வரை தார்ச்சாலையும் குழாய்த் தண்ணீரும் வந்திருக்கின்றன. ஆனால் வறுமைக் கோட்டுக்கு ஒரு விரற்கடை மேலே நின்ற வீட்டுக்கு, ஒரே இரவின் பனி போதுமாக இருக்கிறது.

மார்ச் 5

இன்று சிங்ட்சே, மண்ணுக்குள் பூச்சிகள் விழிக்கும் நாள். பதில் வந்துவிட்டது: வயது வரம்பு கடந்துவிட்டது, மகன் பெயரில் விண்ணப்பிக்கலாம். முப்பது ஆண்டுகளுக்கு முன் அந்த ஒரு வாரத்தைத் தவிர ஒரு தவணைகூட மிச்சம் வைக்காத கைக்கு இப்படி ஒரு பதிலா என்று எனக்குக் கோபம் பொங்கியது. நைநை ஒன்றும் சொல்லாமல் தக்காளி நாற்றுத் தட்டுகளை அடுப்பருகே நகர்த்தினார்.

மார்ச் 6

மகன் இரவுப் பணியில் இருக்கிறான். பேசியை எடுக்கவில்லை.

மார்ச் 8

கிணற்றடித் தெருப் பாட்டி ஊன்றுகோலோடு வந்து, "நான் கையெழுத்துப் போடுகிறேன், எங்கே காகிதம்?" என்று கேட்டார். கைப்பேசியில் அப்படியொரு காகிதம் இல்லை என்பதை அவருக்கு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. இருவரும் கட்டில்மேல் அமர்ந்து பழைய புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து புரட்டினார்கள்.

மார்ச் 9

நாற்றுகள் இரண்டிலை விட்டுவிட்டன. மகன் கூப்பிட்டான், மாலைக்குள் முடிவு சொல்வதாகச் சொன்னான்.