"எல்லாரும் கேட்டாங்களா?"

"ஒருத்தருக்குச் செஞ்சா எல்லாருக்கும் செய்யணும் ஐயா" என்றேன். "எல்லாரும் கேட்டாங்களா தம்பி?" என்றார். அவ்வளவுதான் பேச்சு. எங்கள் சிற்றிதழின் அச்சை நிறுத்தியபோது எத்தனையோ பேர் வருத்தப்பட்டார்கள், சிலர் திட்டினார்கள். அதெல்லாம் மறந்துவிட்டது. இந்தக் கேள்வி மட்டும் போகமாட்டேன் என்கிறது.

அவர் திருப்பாதிரிப்புலியூரில் தையற்கடை வைத்திருப்பவர், எங்கள் ஆயுள் சந்தாதாரர். லைனிங் துணியும் பட்டனும் வாங்கப் பாண்டிக்கு வந்தவர் அப்படியே அலுவலகத்துக்கும் வந்தார். கடைசி அச்சு இதழின் பின்னட்டையில் நாங்கள் போட்ட அறிவிப்பைப் படித்திருந்தார். இனிமேல் வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் வரும், முன்பைவிடச் சீக்கிரமே வரும், படமெல்லாம் கலரில் இருக்கும் என்று சொன்னேன். "கடைக்கு வர்றவங்க என் போனையா வாங்கிப் படிப்பாங்க?" என்றார். அளவு கொடுக்க வந்து காத்திருப்பவர்கள் புரட்டட்டும் என்று இதழைப் பெஞ்சிலேயே போட்டுவைப்பாராம். அப்புறம்தான் கேட்டார்: எனக்கு மட்டும் ஒரு பிரதி பிரிண்ட் எடுத்து அனுப்ப முடியாதா, பணம் தந்துவிடுகிறேன்.

நான் சொன்ன பதிலுக்குப் பின்னால் கணக்கு இருக்கிறது. 64 பக்க இதழ் என்றால் நான்கு ஃபாரம் (16 பக்கம் ஒன்றாக அடிக்கும் ஒரு தாள்), ஃபாரத்துக்கு இரண்டு அச்சுத் தகடு, அதாவது பிளேட், கலர் அட்டைக்குத் தனியாக நான்கு. 50 பிரதி அடித்தாலும் 500 அடித்தாலும் பிளேட் செலவும் மெஷினில் ஏற்றும் கூலியும் அதேதான். பிரதி குறையக் குறைய ஒவ்வொன்றின் அடக்கவிலையும் ஏறிக்கொண்டே போகும். தபால் அதைவிட மோசம். பதிவு பெற்ற இதழ்களுக்குப் பைசாக் கணக்கில் அஞ்சல் சலுகை உண்டு. 'தனிச்சுற்றுக்கு மட்டும்' என்று போட்டு வரும் எங்களைப் போன்ற சிற்றிதழ்களுக்கு, அச்சிட்டதைக் குறைந்த கட்டணத்தில் அனுப்பும் புக் போஸ்ட்தான் கதியாக இருந்தது. 2024 டிசம்பரில் அதுவும் போனது. 2025 மே மாதம் புத்தகங்களுக்காக ஞான் போஸ்ட் என்று ஒன்று வந்தது. 300 கிராம் வரை 20 ரூபாய். எங்கள் இதழின் விலையே 30 ரூபாய்.

தபால் அடைபட்டால் இதழ் நின்றுபோகும் என்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. பாரதியின் 'இந்தியா' 1908இல் சென்னையிலிருந்து இங்கே வந்தது. எழுத ஆள் இருந்தும், பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் அது நுழையக் கூடாது என்று தடை வந்ததும் 1910இல் நின்றுபோனது. அன்று காரணம் அரசியல், இன்று காரணம் காசு. படிக்கிறவர் கைக்குப் போய்ச் சேரவில்லை என்கிற முடிவு ஒன்றுதான்.

சரி, இவ்வளவும் நியாயம். ஆனால் அவர் பிளேட் போட்டு ஆஃப்செட்டில் அடிக்கச் சொல்லவே இல்லையே. டிஜிட்டல் பிரிண்ட் கடையில் ஒரே ஒரு பிரதி எடுக்கலாம், பிளேட் வேண்டாம். பக்கத்துக்கு இவ்வளவு என்று போட்டால் விலை பல மடங்காகும், அதைத்தான் தந்துவிடுகிறேன் என்று சொன்னார். அவர் கேட்டதற்கு என் கணக்கில் பதில் இல்லை. வேறு யாரும் கேட்கவில்லை என்பதும் உண்மை. பிடிஎஃப் நன்றாக இருக்கிறது என்று சொன்னவர்கள் உண்டு, வளைகுடாவில் இருக்கும் பையனுக்கும் அனுப்பினேன் என்று சொன்னவர்கள் உண்டு. மற்றவர்கள் ஒன்றுமே சொல்லவில்லை. அவர்களுக்குக் காகிதம் வேண்டாமா, இதழே வேண்டாமா? முன்பெல்லாம் திரும்பி வரும் பிரதியின் மேலுறையில் தபால்காரர் 'வீடு மாறிவிட்டார்', 'காலமானார்' என்று எழுதியிருப்பார். பட்டியலைத் திருத்துவோம். இப்போது எதுவும் திரும்பி வருவதில்லை. இரண்டு டிக் விழுகிறது, அவ்வளவுதான்.

காகிதத்தைப் புனிதமாக்கவும் எனக்கு மனமில்லை. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலில் பாண்டியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. தரையில் அடுக்கியிருந்த பழைய இதழ்க் கட்டுகள் தண்ணீரில் ஊறின. உள்ளே இருந்த மேப்லித்தோ என்னும் சாதாரண அச்சுத் தாளைப் பிரித்து ஃபேனுக்கடியில் காயவைக்க முடிந்தது. வழவழப்பான ஆர்ட் பேப்பர் அட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிச் செங்கல் மாதிரி ஆகிவிட்டன, பிரித்தால் படமே உரிந்து வந்தது. அச்சை நிறுத்தலாம் என்று நாங்கள் முடிவெடுத்ததில் அந்த மழைக்கும் பங்குண்டு. பழைய இதழ்களை ஃபைலிலிருந்து மறுபடி எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தோம். திறந்து பார்த்தால் எல்லாம் பேஜ்மேக்கரில் இருக்கிறது. அந்த மென்பொருளின் கடைசிப் பதிப்பே 2001இல் வந்தது. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துரு வேறு. திரையில் கவிதைக்குப் பதிலாக ஆங்கில எழுத்தும் அடைப்புக்குறியும் கலந்து ஓடுகின்றன.

கடைசியில் பழைய பிரதிகள் யாரிடமாவது இருக்கின்றனவா என்று சந்தாதாரர்களிடம் விசாரித்தோம். முழு வரிசையும் இருந்தது அந்தத் தையற்காரரிடம்தான். வருடவாரியாக அடுக்கித் தன் கையாலேயே தைத்து, மீந்த பேன்ட் துணியில் அட்டை போட்டு வைத்திருந்தார். சாம்பல் நிறத்தில் ஒன்று, கோடுபோட்ட துணியில் ஒன்று. முதுகில் வருடத்தை வெள்ளை நூலால் போட்டிருந்தார். கேட்ட உடனே ஸ்கேன் செய்யக் கொடுத்தனுப்பினார். ஒரு நிபந்தனையும் போடவில்லை, பழைய பேச்சையும் எடுக்கவில்லை. அவர் கேட்ட ஒரு பிரதியை மறுத்த நான் அவருடைய அத்தனை பிரதிகளையும் வாங்கி மேசையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

1941இல் தொடங்கிய 'கல்கி' கொரோனாவுக்குப் பிறகு இணையத்துக்குப் போய்விட்டது. அமெரிக்காவின் 'நியூஸ்வீக்' 2012 கடைசியில் அச்சை நிறுத்தி 2014இல் திரும்பவும் அச்சுக்கு வந்தது. இரண்டையும் இதழ் நடத்தும் நண்பர்களின் கூட்டத்தில் சொன்னேன். இரண்டும் எங்களுக்குப் பொருந்தாது என்றார்கள், சரிதான். நான் கேட்டது சின்ன விஷயம்: வேண்டும் என்பவர்களுக்கு மட்டும் முன்பணம் வாங்கி டிஜிட்டல் பிரிண்ட் அனுப்பலாமா? எத்தனை பேர் கேட்பார்கள் என்று திருப்பிக் கேட்டார்கள். பிடிஎஃப்பில் அறிவிப்பு போட்டால் பிடிஎஃப் படிப்பவர்கள்தான் பார்ப்பார்கள். அதனால் ஆயுள் சந்தாதாரர் ஒவ்வொருவருக்கும் அஞ்சலட்டை போடலாம் என்றேன், அது இன்னமும் 50 பைசாதான். "கேட்டா வேணும்னுதான் சொல்வாங்க" என்றார் ஒரு நண்பர். அதற்காகத்தான் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது, அதனாலேயே கேட்கத் தயக்கமாகவும் இருக்கிறது. ஐம்பது பேர் வேண்டும் என்றால் மேலுறை ஒட்டுவதும் தபால் நிலையத்துக்கு நடப்பதும் மறுபடி என் தலையில்தான் விழும். ஒருவருமே பதில் போடாவிட்டால் என்ன செய்வேன் என்று இன்னும் யோசிக்கவில்லை. அட்டைகள் இன்னும் வாங்கவில்லை.