இரவுப் போறணைக்குப் பகல் வெயில்

எங்களுடையது யாழ்ப்பாணத்தில் கோண்டாவில் பக்கம் ஒரு சின்ன பேக்கரி. கடை வியாபாரம் பகலில் நடந்தாலும் உண்மையான வேலை இரவு ஒன்பது மணிக்குத்தான் தொடங்கும். மா குழைக்கிற மெசினும் கேக்குக்கான கரண்ட் போறணையும் விடிய நாலு மணி வரை ஓடும், ஐந்து மணிக்குப் பாண் ஓட்டோ வெளிக்கிட்டுவிடும். 2018இல் கூரைக்கு சோலார் போடப் போகிறேன் என்று சொன்னதும் அத்தான் கேட்டார், "இரவில வேலை செய்யிற உனக்கு வெயில் என்னத்துக்கு?" எனக்கு அப்போது பதில் சொல்லத் தெரியவில்லை.

பதில் மின்சார சபையோடு எழுதிய ஒப்பந்தத்தில் இருந்தது. 2016இல் தொடங்கிய சூரிய பல சங்கிராமய என்ற அரசாங்கக் கூரை சோலார் திட்டத்தில் மூன்று வழி வைத்திருந்தார்கள். நெட் மீற்றரிங்கில் மிஞ்சுகிற யூனிட் வரவில் நிற்கும், காசு வராது. நெட் பிளஸில் உற்பத்தி முழுவதையும் விற்றுவிட்டு, பாவிப்பதற்குத் தனியாக பில் கட்ட வேண்டும். நாங்கள் எடுத்தது நெட் அக்கவுண்டிங். பகலில் கொடுத்ததை இரவில் எடுத்ததோடு யூனிட்டுக்கு யூனிட் கழிப்பார்கள், மிஞ்சினால் அப்போதைய ஒப்பந்தப்படி ஒரு யூனிட்டுக்கு முதல் 7 ஆண்டுக்கு 22 ரூபா, அடுத்த 13 ஆண்டுக்கு 15.50 ரூபா. பற்றரியே தேவையில்லை, இரவுக்காரனுக்கு லைன்தான் பற்றரி.

முதலில் வந்த விற்பனைக்காரர் பில்லைக் கேட்கவே இல்லை, கூரையை அளந்து பார்த்து "20 கிலோவாட் போடலாம், மிச்சத்தை வித்துக் காசாக்கலாம்" என்றார். இரண்டாவதாக வந்த தம்பி பன்னிரண்டு மாத பில்லையும் மேசையில் பரப்பி வைத்துக் கூட்டிப் பார்த்தார். மாதம் 1,300 யூனிட் அளவு. ஒரு கிலோவாட்டுக்கு நாளுக்கு நாலு யூனிட் என்று கணக்குப் போட்டு, 10 கிலோவாட் அனேகமாகப் போதும் என்றார். பிறகு பின்னேரம் நாலு மணிக்கு வந்து கூரையில் ஏறி நின்றார். பக்கத்து வளவுப் பனையின் நிழல் மேற்குக் கூரையில் கோடாக விழுந்து கிடந்தது. ஒரு பனலில் நிழல் விழுந்தாலும் அதோடு ஒரே வரிசையில் இணைத்த மற்றதுகளும் இழுபடும் என்பதை அன்றைக்குத்தான் அறிந்தேன். பனையைத் தறிக்கச் சொல்ல மனம் வரவில்லை, பனல்களைத் தெற்குப் பக்கம் மாற்றிக் கொண்டோம்.

விண்ணப்பம் கொடுத்தது, ட்ரான்ஸ்போமர் தாங்குமா என்று பார்த்தது, பொறியியலாளரின் பரிசோதனை, இருவழி மீற்றர் என்று எல்லாம் ஒவ்வொன்றாக நடந்தது. அதில் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை, எல்லாப் பேப்பரிலும் ஒரு பிரதி கையில் வைத்திருங்கள்.

ஆனால் யாரும் சொல்லாத ஒன்றை 2022 மார்ச் கடைசியில் கண்டேன். நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய நாட்கள். நல்ல உச்சி வெயில், கூரையில் 10 கிலோவாட் பனல், கீழே பனல் கரண்டைக் கடைக் கரண்டாக மாற்றுகிற இன்வேர்ட்டர் செத்துக் கிடக்கிறது! லைனில் கரண்ட் இல்லாவிட்டால் அது தானாகவே நின்றுவிடும், கம்பியில் வேலை செய்கிறவருக்கு அடிக்கக் கூடாது என்பதற்காக. அது நியாயம்தான். ஆனாலும் மா புளித்துக் கிடக்க டீசலுக்கு வரிசையில் நின்றது இப்போதும் நெஞ்சில் நிற்கிறது. வெட்டிலும் வேலை நடக்க வேண்டுமென்றால் ஹைபிரிட் இன்வேர்ட்டரும் பற்றரியும் வேண்டும், அதை முதல் நாளே கேட்டு முடிவெடுங்கள்.

அதே ஆண்டு ஆகஸ்டில் கட்டணம் சராசரியாக 75 வீதம் ஏறியது, 2023 பெப்ரவரியில் மறுபடி 66 வீதம். யூனிட்டுக்கு யூனிட் கழிபடுவதால் அந்த அடி எங்கள் மேல் பெரிதாக விழவில்லை.

கடற்கரைப் பக்கம் ஐஸ் கட்டி செய்கிற ஒருவர் என்னைப் பார்த்துத் தானும் போடப் போவதாகச் சொன்னார். அவருடையது நேரத்துக்கு நேரம் விலை மாறுகிற பெரிய இணைப்பு: பின்னேரம் 6.30 முதல் 10.30 வரை பீக், அதுதான் ஆகக் கூடின விலை, அதற்குப் பிறகு விடிய 5.30 வரை மலிவு, மிச்சம் பகல் விலை. அவர் ஐஸ் கட்டி செய்வது பெரும்பாலும் அந்த மலிவு நேரத்தில்தான். என் கணக்கை அப்படியே எடுக்க வேண்டாம், பில்லில் மூன்று நேரத்தையும் பிரித்துப் பாருங்கோ அண்ணை என்றேன். பார்த்துவிட்டு, பீக்கில் ஓடியதை 10.30க்குப் பின்னால் தள்ளினார். சோலார் இன்னும் போடவில்லை.

எனக்கு 7 ஆண்டு முடிந்து 22 ரூபா 15.50 ஆகிவிட்டது. விற்பதற்கு அனேகமாக ஒன்றும் மிஞ்சுவதில்லை, அதனால் பில்லில் வித்தியாசம் தெரியவில்லை. ஓட்டோவை அனுப்பிவிட்டு வெயில் ஏற முதல் பனல் கழுவுகிறேன். எங்கள் கிணற்றுத் தண்ணீர் காய்ந்தால் கண்ணாடியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படியும், அதனால் கழுவிய கையோடு துணியால் துடைத்துவிட வேண்டும்.