காற்றுக்குக் காத்திருந்த ஊர்

மலேசியாவின் பினாங்கில், பட்டர்வொர்த்திலிருந்து ஜார்ஜ்டவுனுக்குப் பெர்ரியில் போகும்போது சித்தப்பா வடக்கே கை காட்டினார். மேகத்துக்குக் கீழே நீலமாக ஒரு மலை. "அதான்டா ஜெராய். தாத்தா ராஜூலா கப்பல்ல வந்தப்ப, அது தெரிஞ்சதும் எல்லாரும் மூட்டையைக் கட்ட ஆரம்பிச்சிட்டாங்களாம்."

மறுநாள் ரொட்டி சானாய் சாப்பிட்ட கையோடு அந்த மலையடிவாரத்துக்கே கிளம்பினோம். கெடா மாநிலம், மெர்போக், பூஜாங் பள்ளத்தாக்கு. 1025இல் ராஜேந்திர சோழன் படையனுப்பிய கடாரம் இந்தப் பக்கம்தான். பள்ளிக்கூடத்தில் 'கடாரம் கொண்டான்' என்ற பட்டத்தை மனப்பாடம் செய்தோமே தவிர, ஏன் கடாரம் என்று யாரும் சொல்லித் தரவில்லை. அங்கே நின்றால் தெரிகிறது. 1,200 மீட்டருக்கு மேல் உயர்ந்த மலை, கடலை ஒட்டியே. வங்கக் கடலைத் தாண்டி வருகிறவனுக்கு அதைவிட என்ன அடையாளம் வேண்டும்? கப்பலை ஒதுக்கப் பக்கத்திலேயே மெர்போக் ஆறு.

அப்புறம் காற்று. தென்மேற்குப் பருவக்காற்றில் வந்தவர்கள், வடகிழக்குக் காற்று எழும்வரை மாதக்கணக்கில் இங்கேயே கிடக்க வேண்டும். அத்தனை நாள் இருக்கிற ஊரில் சாமி இல்லாமல் முடியுமா?

அப்படி எழுந்த இங்குள்ள பழங்கோயில்களை மலாயில் சண்டி என்கிறார்கள். பூக்கிட் பத்து பஹாட் சண்டியில் மிஞ்சியிருப்பது கருங்கல் அடித்தளம்தான். மேலே மரத்தூண்கள் நின்றிருக்குமாம். பக்கத்தில் ஓடை சலசலக்கிறது. நான் அரைமணி நேரம் எழுந்திருக்கவில்லை. 2013இல் இதே பள்ளத்தாக்கில் ஒரு சண்டியை வீடு கட்டுவதற்காக இடித்துத் தள்ளினார்கள். எனக்கு இன்னும் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை.

போக்குவரத்து ஒருவழி இல்லை. சுமத்ராவின் ஸ்ரீவிஜயத்தையும் கடாரத்தையும் ஆண்ட மன்னர் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடத்தை எழுப்பினார். ராஜராஜன் அதற்கு ஆனைமங்கலம் கிராமத்தைக் கொடுத்தார். அப்பா ஊரைக் கொடுத்தார், மகன் படையை அனுப்பினார். அக்கம்பக்கத்துக்காரர்கள் என்றால் அப்படித்தானே!

கெடாவிலிருந்து நாகப்பட்டினத்துக்கு 30 நாள் என்று 7ஆம் நூற்றாண்டுச் சீனத் துறவி இத்சிங் எழுதியிருப்பதைத் திரும்பும் வழியில் சொன்னேன்.

சித்தப்பா ஸ்டீயரிங்கைத் தட்டிச் சிரித்தார். "முப்பது நாளா? தாத்தா ஒரு வாரத்துக்கே வாந்தியெடுத்து, ஊருக்குத் திரும்பவே மாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டாருடா."