உள்ளங்கை அளவுக் கட்டையில் ஒரு பறவை

லினோவில், அதாவது செதுக்கி மை பூசி அச்செடுக்கும் மென்மையான தகட்டில், செதுக்கிப் பழகத் தொடங்கிய முதல் ஆண்டில் ஒரு மைனாவின் இறக்கையை நான் நான்கு முறை கெடுத்தேன். காகிதத்தில் பென்சிலால் வரைவதைப் போலவே எண்ணிக்கொண்டு, கறுப்புக் கோடுகளை மட்டும் மிச்சம் வைத்துச் சுற்றியிருந்ததை எல்லாம் வெட்டி எடுத்ததுதான் ஒவ்வொரு முறையும் செய்த தவறு. அந்தப் பழக்கத்தை விடவைத்தவை, மரக்கட்டையில் படம் செதுக்கி அச்சிட்ட கலைஞர் தாமஸ் பியூவிக்கின் பறவைகள்.

1753-இல் இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்தில், செர்ரிபர்ன் என்ற பண்ணை வீட்டில் பிறந்த பியூவிக், 14 வயதில் நியூகாசிலில் ரால்ஃப் பீல்பியின் செதுக்குப் பட்டறையில் தொழில் பழகச் சேர்ந்தார். பீல்பிக்கு உலோக வேலையில்தான் நாட்டம் என்பதால், மரக்கட்டையில் செதுக்கும் வேலைகள் இந்தப் பையன் கைக்கு வந்தன. பிறகு லண்டனுக்குப் போனவர் சில மாதங்களிலேயே ஊர் திரும்பி, 1777-இல் அதே பட்டறையில் பங்குதாரரானார்.

அவர் கையாண்டது பாக்ஸ் மரம். மிக மெதுவாக வளரும் அந்த மரத்தைக் குறுக்கே அறுத்து, வளையங்கள் தெரியும் முகத்தில் உலோகம் செதுக்கும் உளியால் கீறுவார். நார் குறுக்கிடாததால் இறகின் இழைகூட உடையாமல் நிற்கும். மரம் பருமனாகாததால் கட்டைகள் உள்ளங்கை அளவுதான். செதுக்கிய இடம் மை ஏறாமல் வெள்ளையாக விழும் என்பதால், கருமையிலிருந்து வெளிச்சத்தைச் சிறிது சிறிதாகத் திறந்துகொண்டே போவதுதான் அவர் முறை. தொலைவிலுள்ள குன்றும் மரங்களும் வரவேண்டிய இடத்தை முன்கூட்டியே லேசாகச் சுரண்டித் தாழ்த்திவிடுவார்; அங்கே அழுத்தம் குறைந்து, மை வெளிறிய சாம்பலாகப் பதியும். எழுத்து அச்சுகளோடு சேர்த்தே இக்கட்டைகளை அச்சடிக்கலாம் என்பது செப்புத் தகட்டுக்கு இல்லாத வசதி.

பிரிட்டனின் பறவைகளைப் பற்றிய தன் நூலுக்காக 1791-இல் விக்ளிஃப் என்னும் ஊரிலிருந்த பாடம் செய்த பறவைகளைப் பார்த்து வரையச் சென்றவருக்கு அவற்றின் விறைத்த நிலை பிடிக்கவில்லை. உயிருள்ளவற்றையோ அப்போதுதான் சுடப்பட்டவற்றையோதான் நம்பினார். நிலப்பறவைகள் தொகுதி 1797-இலும் நீர்ப்பறவைகள் தொகுதி 1804-இலும் வந்தன. பக்கங்களின் அடியில் மிஞ்சிய இடத்தை நிரப்ப அவர் செதுக்கிய குட்டிக் காட்சிகள் பறவைகளைவிட எனக்கு நெருக்கமானவை: மழையில் நனைந்தபடி நடக்கும் வழிப்போக்கர்கள், தூண்டிலோடு ஆற்றில் நிற்பவர்கள்.

ஐந்தாவது மைனாவுக்கு லினோத் தகடு முழுவதும் முதலில் கறுப்பு மை பூசி, வெளிச்சம் படும் இடங்களை மட்டும் எடுத்தேன். பறக்கும்போது இறக்கையில் பளிச்சிடும் வெள்ளைத் திட்டு சரியாக வந்துவிட்டது. கண்ணோரத்து மஞ்சளுக்கு இன்னும் ஒரு தகடு வெட்ட வேண்டும்.