சார் எப்போதாவது எடுத்துக்கொள்வார்

எங்கள் அலுவலகத்துக்குத் தண்ணீர் கேன் போடுபவரைப் பற்றி உதவியாளர் ஒருநாள் சொன்னார்: "அவன் குடிப்பான் சார், நம்ப முடியாது." அதே வாரம் அவர் தொலைபேசியில் யாரிடமோ பேசியது என் அறைவரை கேட்டது: "சார் எப்போதாவது எடுத்துக்கொள்வார்." கேன்காரர் குடிப்பது சனிக்கிழமை, கூலி வாங்கிய பிறகு. சார் அன்று காலை ஆறே காலுக்கே 'எடுத்துக்கொண்டிருந்தார்'.

கும்பகோணத்தில் மகாமகக் குளத்துக்குப் பக்கத்தில் ஆடிட்டராக இருக்கிறேன். அரிசி ஆலைகள், பாத்திரக் கடைகள், நகைக் கடைகள் என்று கணக்குகள். வரித் தணிக்கைக்குச் செப்டம்பர் 30 கடைசி நாள் என்றால் 28ஆம் தேதியே என் மேசை காலியாகிவிடும். வேலை ஒழுங்காக நடக்கும்வரை ஒருவரைக் குடிகாரர் என்று சொல்ல எங்கள் ஊரில் யாருக்கும் நா எழாது. வீடு கட்டியாயிற்று, பெண்ணைப் படிக்க வைத்தாயிற்று, பிறகென்ன?

"எவ்வளவு போனாலும் சார் தள்ளாட மாட்டார்" என்பது எனக்குக் கிடைத்த நற்சான்றிதழ். தள்ளாடாததே நோயின் அடையாளம் என்று பின்னால் தஞ்சாவூர் மருத்துவர் சொன்னார். மூளை பழகிவிட்டது, அதே தெம்புக்கு மேலும் மேலும் ஊற்ற வேண்டும், ஊற்றாவிட்டால் காலையில் கை ஆடும்.

ஆடியது. ஆடிட்டருக்குக் கை ஆடினால் கையெழுத்து ஆடும். 2013இல் தணிக்கை அறிக்கைகளை டிஜிட்டல் கையெழுத்துடன் இணையத்தில்தான் தாக்கல் செய்ய வேண்டும் என்று கட்டாயமாக்கியபோது எங்கள் தொழில்காரர்கள் புலம்பித் தீர்த்தார்கள். நான் மட்டும் உள்ளூர மகிழ்ந்தேன். கணினியில் செருகக் கட்டைவிரல் அளவு டோக்கன், ஒரு கடவுச்சொல். அதற்கு நடுக்கம் கிடையாது. வங்கிக்குப் போகும் பிரதிகளுக்குத்தான் பேனா வேண்டும். அவற்றைப் பதினொரு மணிக்கு மேல் கொண்டுவரச் சொல்லிவிடுவேன். அதற்குள் ஃபிளாஸ்க்கிலிருந்து இரண்டு மடக்கு இறங்கி, கை கல்லாக நிற்கும்.

வாங்குவது தனிக் கதை. உள்ளூர் டாஸ்மாக்கில் நிற்க மானம் இடம் கொடுக்காது. காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்தது. அங்கே விலை குறைவு, தெரிந்த முகமும் குறைவு. மயிலாடுதுறை, பேரளம் வழியாகப் போனால் காரைக்காலுக்கு முன்னால் திருநள்ளாறு. இதைவிட வசதி உண்டா? மாதம் இரண்டு சனிக்கிழமை 'சனீஸ்வரனைப் பார்த்துவிட்டு வருகிறேன்' என்று கிளம்பிவிடுவேன். பின்சீட்டில் கடைத்தெருவில் வாங்கிய பிரசாதப் பொட்டலம், டிக்கியில் மற்றவை. மாப்பிள்ளையின் பக்தியை எண்ணி மாமியார் உருகினார். இப்படிப் பதினொரு வருடம்.

நான் அடிமை இல்லை என்பதற்கு ஆண்டுதோறும் ஓர் அத்தாட்சியும் வைத்திருந்தேன்: சபரிமலை மாலை. போட்டால் மலை இறங்கும்வரை தொட மாட்டேன். மாலை கழற்றிய இரவில் என்ன நடக்கும் என்று யாரும் கேட்டதில்லை. முதல் சில ஆண்டுகள் சமாளித்தேன். பிறகு விரத நாட்களைக் குறைத்துக்கொண்டேன். அதற்கும் சாஸ்திரத்தில் இடம் கண்டுபிடித்தேன்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யத்துக்கு அருகே கரையைக் கடந்தது. பேராவூரணிப் பக்கம் எங்கள் பூர்வீகத் தென்னந்தோப்பு ஒரே இரவில் படுத்துவிட்டது. மறுநாள் கார்த்திகை ஒன்று. இந்த முறை முழு விரதம் என்று வீம்பாக மாலையைப் போட்டுக்கொண்டு தோப்புக்குப் போனேன். மூன்றாம் நாள் இரவு, மின்சாரம் இல்லாத சித்தப்பா வீட்டில், சுவரெல்லாம் எறும்புச் சாரை. எறும்புகள் எண்களாக வரிசை கட்டின. நான் சத்தமாகக் கூட்டல் போட ஆரம்பித்தேன். தென்னை போன துக்கம் என்றார் சித்தி. சாமி குற்றம் என்றார் சித்தப்பா.

விழுந்த மரங்களைச் சுற்றிச் சுற்றி எந்நேரம் தஞ்சாவூர் போய்ச் சேர்ந்தோமோ, எனக்கு நினைவில்லை. "கடைசியாக எப்போது குடித்தார்?" என்று மருத்துவர் கேட்டதும் மனைவி யோசிக்காமல் சொன்னாளாம்: "வெள்ளி இரவு பத்து மணி. அன்றைக்கு முக்கால் பாட்டில்." எத்தனை வருடமாக அளந்துகொண்டிருந்தாளோ!

தினமும் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், இல்லாதது தெரியலாம், உயிரே போகலாம் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் வைட்டமின் பி1 ஊசி போட்டார்கள். நடுக்கத்துக்கான மாத்திரையை நாள் கணக்கில் படிப்படியாகக் குறைத்தார்கள். விரதம் என்ற பெயரில் இதை மருத்துவர் இல்லாமல் வீட்டில் செய்து பார்ப்பவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் வயிற்றைக் கலக்குகிறது.

பிறகு ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டம்: குடியை விட நினைப்பவர்களும் விட்டவர்களும் ஒன்றாக உட்கார்ந்து பேசும் இடம். எனக்கு அடுத்த நாற்காலியில் ஒரு கொத்தனார், குடியை விட்டு ஒன்பது வருடம் ஆனவர். இந்த இயக்கம் தொடங்கிய கதையை அவர்தான் சொன்னார். 1935 ஜூன் 10, அமெரிக்காவின் ஆக்ரன் நகரம். (மேட்டூர் திறக்கும் நாளுக்கு இரண்டு நாள் முன்னால் என்று டெல்டாக்காரன் மனதில் பதிந்துவிட்டது.) ராபர்ட் ஸ்மித் என்ற அறுவை மருத்துவர் அன்று கத்தி பிடிக்க வேண்டும், கை ஆடுகிறது. நடுக்கம் அடங்க நண்பர் பில் வில்சன் ஒரு பீர் கொடுத்து அனுப்புகிறார். அதுவே ஸ்மித் கடைசியாகக் குடித்தது. "டாக்டருக்கே ஆடியிருக்கிறது சார். எனக்குச் சாரத்தில் நிற்கும்போது கரணை ஆடும்," என்றார் கொத்தனார். எனக்குக் கையெழுத்து ஆடும் என்றேன். வெளியாள் ஒருவரிடம் அதைச் சொன்னது அதுவே முதல் தடவை. அங்கே எல்லோருக்கும் ஒரே சொல்தான்: குடிநோயாளி. அவன் என்றும் கிடையாது, சார் எடுத்துக்கொள்வார் என்றும் கிடையாது.

வருடங்கள் ஓடிவிட்டன. போன மாதம் மனைவி, "சனீஸ்வரனுக்கு நன்றி சொல்லிவிட்டு வருவோம்," என்றாள். திருநள்ளாறு போனோம். கோபுர வாசல் தாண்டியதும் நான் வழிகாட்டுவேன் என்று அவள் நின்றாள். நானும் நின்றேன். பதினொரு வருடம் 'வந்த' கோயிலில் சனி சந்நிதி எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் போன ஒரு பெரியவரிடம் கேட்டேன். அவர் கைகாட்டினார். மனைவி என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, விளக்குத் தட்டை என் கையில் கொடுத்து, முன்னால் நடந்தாள்.